படபடக்கும் நெஞ்சுக்குப் புது மின்சிகிச்சை... எத்தனை நாள் தாங்கும்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நாடி பிடித்துப் பார்த்தால் தாளமே இல்லை. ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்று அர்த்தம். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பைவிட இதுதான் பெரிய பயம்.

விட்டுவிட்டு வரும் இந்தப் படபடப்பு பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளின் வாயில்தான் கிளம்புகிறது என்று பிரான்ஸின் போர்டோ நகர டாக்டர்கள் 1998-ல் காட்டினார்கள். தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை அனுப்பி, அந்த வாயைச் சுற்றி வேலி போட்டாற்போலத் திசுவைச் சாகடித்துவிட்டால் தப்பான மின்சாரம் உள்ளே வராது. சூட்டாலோ கடுங்குளிராலோதான் இதைச் செய்துவந்தார்கள். சங்கடம் என்னவென்றால், உணவுக்குழாய் இதயத்தின் முதுகுப்புறம் ஒட்டினாற்போல இருக்கிறது. சூடு அதிலும் பாய்ந்து, மிக அபூர்வமாக ஓட்டை விழும். விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

புதிதாக வந்திருக்கும் 'பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன்' சுடுவதில்லை. கண்ணிமைப்பதைவிடப் பல மடங்கு குறைந்த நேரமே பாயும் உயர் வோல்ட் மின்துடிப்பு, செல்லின் சவ்வில் நுண்துளை போடுகிறது. இதயத் தசை அதற்குச் சீக்கிரம் சாகும். உணவுக்குழாயும் நரம்பும் கொஞ்சம் கெட்டி, தாங்கிக்கொள்ளும். இந்தச் சிகிச்சை பெற்ற 17,642 பேரின் விவரம் 2024-ல் வெளியானது. ஒருவருக்குக்கூட உணவுக்குழாயில் ஓட்டை இல்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீங்க. நூற்றில் ஒருவருக்குப் பெரிய சிக்கல் வந்தது. இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, பக்கவாதம் போன்றவை.

சரி, பலன் நிலைக்குமா? 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 607 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து, புது முறையில் நூற்றுக்கு 73 பேர், பழைய முறையில் 71 பேர் நன்றாக இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்! வேலியில் இடைவெளி விட்டுப்போனாலோ, மயங்கிக் கிடந்த திசு பிழைத்துக்கொண்டாலோ படபடப்பு திரும்பும். விடாமல் நீடிக்கும் வகைக்கு வெற்றி இன்னும் குறைவு. முதல் இரண்டு மூன்று மாதத்தில் வரும் படபடப்பை மட்டும் தோல்வி என்று எண்ண வேண்டாம். புண் ஆறும் காலம் அது.

'அதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?' என்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீங்க. சிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் அது வேண்டும். அப்புறம் தொடர்வதா என்பதை வயது, பி.பி., சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் டாக்டர் முடிவுசெய்வார். நாடி சீராக அடிக்கிறது என்பதை மட்டும் வைத்து அல்ல.

இன்னொன்று, மின்துடிப்பில் சிவப்பணுக்கள் சில உடையும். சிகிச்சைக்குப் பின் சிறுநீர் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ போனால் உடனே சொல்லுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.