ஐந்து எழுத்துக்கு மேல் பார்க்காத விளையாட்டு

கம்ப்யூட்டர் கேம் என்றாலே கார், துப்பாக்கி, கலர் கலராய்ப் படம் என்றுதான் நினைக்கிறோம். நான் இரண்டு தடவை விளையாடிய கேமில் படமே கிடையாது. இங்கிலீஷில் ஒரு பத்தி வரும். நாம் ஓரிரு வார்த்தையில் கட்டளை அடிக்க வேண்டும். பெயர் கோலாசல் கேவ் அட்வென்ச்சர்.

அமெரிக்க புரோகிராமர் வில் கிரௌதர் 1976 வாக்கில் ஃபோர்ட்ரானில் எழுதியது. மனிதருக்குக் குகை என்றால் பைத்தியம். கென்டக்கியில் உள்ள மம்மத் குகையில் தான் அளந்த பாதைகளையே கேமில் வைத்துவிட்டார். ஸ்டான்போர்டில் இருந்த டான் உட்ஸ் 1977-ல் அதைப் பெரிதாக்கினார். 140 இடங்கள், 350 பாயிண்ட்.

முதல் வருஷம் லேப்பில் இதை விளையாடினேன். ஆரம்பத்திலேயே விளக்கம் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று அடித்தேன். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம், வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன். இங்கிலீஷ் பத்தியைப் பார்த்தாலே கை நடுங்கும். இன்வென்டரி என்ற வார்த்தைக்குப் பின்பாதி ஸ்பெல்லிங் தெரியாமல் ஏதோ அடித்தேன். அட, ஒத்துக்கொண்டது! வேறெங்கேயும் தப்பு ஸ்பெல்லிங்கை யாரும் இப்படி விட்டதில்லை. ஆனால் நார்த்ஈஸ்ட் என்று சரியாக அடித்தால் வடக்கு என்றே எடுத்துக்கொண்டது. ஏன் என்று புரியவில்லை.

இந்த வருஷம் மறுபடி உட்கார்ந்தேன். இப்போது தைரியமாக விளக்கம் கேட்டேன். அதற்கு 5 பாயிண்ட் போகும், பரவாயில்லை; 330 கட்டளைக்கு எரியும் விளக்கு 1000 கட்டளைக்கு எரியும். அந்த விளக்கத்திலேயே எழுதியிருந்தது: ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் பார்ப்பேன், வடகிழக்குக்கு என்.ஈ. என்று அடி.

ஏன் ஐந்து? நம்ம டிஜிட்டல் பாடம்தான். இது ஓடிய பி.டி.பி.-10 கம்ப்யூட்டரில் ஒரு வேர்டு 36 பிட். ஆஸ்கி எழுத்து ஒன்றுக்கு 7 பிட். ஐந்தேழு முப்பத்தைந்து, ஒரு பிட் மிச்சம். அந்தக் கால ஃபோர்ட்ரானில் எழுத்துக்கென்று தனி வகை கிடையாது. எழுத்தையும் எண் போலவே ஒரு வேரியபிளில் அடைக்க வேண்டும். ஐந்து எழுத்தென்றால் ஒரே வேர்டில் அடங்கும், ஒரே ஒப்பீட்டில் வேலை முடியும். ஆக, அன்று என் மேல் அது இரக்கம் காட்டவில்லை. மீதி எழுத்தை வைக்க அதுக்கு இடமே இல்லை! தெரிந்ததும் லேப்பில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சிஸ்டத்துக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பறவை கதையும் இப்படித்தான். போன தடவை கூண்டு கையில் இருந்தும் அது பிடிபடவில்லை. கையில் கோல் இருந்தால் பறவை மிரளும், ஒரு இஃப் கண்டிஷன், அவ்வளவுதான். இந்த தடவை கோலைக் கீழே போட்டுவிட்டுப் போனேன், வந்துவிட்டது. அதை விடுவித்தால் வழி மறிக்கும் பாம்பை அந்தப் பறவையே விரட்டும்.

கொள்ளைக்காரன் மட்டும் ரேண்டம் நம்பரில் வருகிறவன். எவ்வளவு படித்தாலும் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. நேற்றுகூட சேர்த்த புதையலை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் பெட்டியைத் தேடி அந்த ஒரே மாதிரி வளைவுப் பாதைகளில், வழிக்கு அடையாளமாக ஒவ்வொரு பொருளாகக் கீழே போட்டுக்கொண்டே போகிறேன்.