கேட்டுச் செய்யும் தொண்டு

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சாங்கி விமான நிலையத்திற்குச் சென்றால், ஒரே நிறச் சட்டை அணிந்த மாணவர் குழுக்களைப் பார்க்கலாம். அவர்களுள் சிலர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். அண்டை நாடுகளின் கிராமங்களில் தொண்டூழியம் செய்யப் புறப்பட்டவர்கள். அவர்கள் செல்லும் நாடுகளுள் ஒன்று வியட்நாம். ஏறத்தாழ இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் ஹோ சி மின் நகரை அடைந்துவிடலாம். அங்கிருந்து பேருந்திலும் படகிலும் சென்றால் வயல்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த சிற்றூர்கள் தொடங்கிவிடும்.

சிங்கப்பூரும் வியட்நாமும் 1973ஆம் ஆண்டில் அரசதந்திர உறவை ஏற்படுத்திக்கொண்டன. வியட்நாம் 1995ஆம் ஆண்டில் ஆசியான் அமைப்பில் சேர்ந்தது. சிங்கப்பூர் இளையர்கள் வெளிநாடுகளில் தொண்டு செய்ய உதவும் இளையர் பயணத் திட்டம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இப்போது தேசிய இளையர் மன்றம் அத்திட்டத்தை நடத்திவருகிறது. ஆசியான் நாடுகளுடன் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நம் இளையர்கள் இதன்வழி சென்று வந்துள்ளனர்.

வியட்நாம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் கிராமங்களில்தான் வாழ்கின்றனர். அங்குச் செல்லும் மாணவர்கள் பள்ளிச் சுவர்களுக்குச் சாயம் பூசுவர். சிறு நூலகம் அமைப்பர். கழிப்பறை கட்ட உதவுவர். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பர். சில குழுக்கள் குடிநீர் வடிகட்டிகளையும் பொருத்தித் தருகின்றன. மேக்கோங் ஆற்றுப் படுகையில் திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர் தெரியும். ஆனால், கோடைக்காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவிடும். 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் அந்த உப்புநீரால் நெல்வயல்கள் பாழாயின. குடிக்க நல்ல நீரின்றிப் பல குடும்பங்கள் துன்பப்பட்டன. குழாயைத் திறந்தவுடன் நீர் வரும் நாட்டிலிருந்து செல்லும் மாணவர்களுக்கு இஃது ஒரு பெரிய பாடம்.

ஒரு நியாயமான கேள்வி

இத்தகைய பயணங்களைப் பற்றிச் சிலர் ஒரு கேள்வி எழுப்புகின்றனர். “இருபது மாணவர்களின் விமானச் சீட்டுக்குச் செலவாகும் பணத்தை அந்தக் கிராமத்திற்கே கொடுத்துவிடலாமே! அவ்வூர்க் கொத்தனாரும் சாயம் பூசுபவரும் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்வார்களே! அவர்களுக்குக் கூலியும் கிடைக்குமே!” என்பதே அக்கேள்வி. இரண்டு வாரம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிட்டுக் குழு திரும்பிவிட்டால், பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்றும் அவர்கள் கேட்கின்றனர்.

இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு கிராமத்துக் கிணற்றருகே வடிகட்டி பொருத்தப்படுவதாக வைத்துக்கொள்வோம். திறப்பு விழா நடக்கும், படங்கள் எடுக்கப்படும். ஆறு மாதம் கழித்து வடிகட்டியின் உள்பகுதியை மாற்ற வேண்டும். அது பக்கத்து ஊரில் கிடைக்குமா? யார் வாங்குவார்? யார் மாற்றத் தெரிந்தவர்? இவற்றை முன்கூட்டியே கேட்காவிட்டால், அந்த வடிகட்டி மூலையில் கிடக்கும் இரும்பாகிவிடும்.

ஆகவே, நல்ல குழுக்கள் முதலில் கேட்கின்றன. ‘உங்களுக்கு இதைக் கொண்டுவருகிறோம்’ என்று தொடங்காமல், ‘உங்களுக்கு எது தேவை?’ என்று தொடங்குகின்றன. உள்ளூர் ஆசிரியர்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் சேர்ந்து திட்டமிடுகின்றன. வேலையை ஊர்க்காரர்களோடு செய்து, அவர்களிடமே பொறுப்பை ஒப்படைக்கின்றன. அடுத்த ஆண்டும் அதே ஊருக்குச் சென்று, சென்ற ஆண்டு செய்தது பயன்படுகிறதா என்று பார்க்கின்றன. திருவள்ளுவர் பிறருக்கு உதவி வாழ்வதைப் பற்றிய அதிகாரத்திற்கு ‘ஒப்புரவறிதல்’ என்று பெயரிட்டிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. உதவுவதற்கும் அறிவு வேண்டும் என்பதை அந்தத் தலைப்பே உணர்த்துகிறது.

முறைப்பெயர் சொல்லி அழைக்கும் ஊர்

கேட்பதற்கு மொழி வேண்டும். வியட்நாமிய மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறிவிடும். ‘மா’ என்னும் ஒரே ஒலி, சொல்லும் விதத்திற்கேற்ப அம்மா, பேய், குதிரை, நாற்று என்றெல்லாம் பொருள்தரும். ஆகவே, புதியவர்கள் தவறாக உச்சரிப்பதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும் இயல்பே.

ஆனால், தமிழ் மாணவர்களுக்கு அங்கு ஒன்று மட்டும் மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். ‘நான்’, ‘நீ’ என்பவற்றிற்குப் பதிலாக வியட்நாமியர்கள் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களையே பயன்படுத்துகின்றனர். மூத்த ஆண் ‘ஆன்’, அதாவது அண்ணன், மூத்த பெண் ‘சி’, அதாவது அக்கா, இளையவர் ‘எம்’, பாட்டி ‘பா’, தாத்தா ‘ஓங்’. யாரை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்வதற்காகவே, சந்தித்தவுடன் வயதைக் கேட்பார்கள். அது மரியாதைக் குறைவு அன்று. தேக்கா சந்தையில் காய்கறி விற்பவரை ‘அண்ணே’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைத்துப் பழகிய நமக்கு இந்த வழக்கத்தை விளக்கத் தேவையில்லை. வீட்டிற்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுவதும், முன்னோர் படத்திற்கு முன் ஊதுவத்தி ஏற்றுவதும், பெருநாளுக்கு அரிசிப் பண்டத்தை வாழையிலையில் பொதிந்து வேகவைப்பதும் அப்படியே.

பழைய உறவின் தடங்கள்

இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. நடு வியட்நாமில் உள்ள மீ சொன் என்னுமிடத்தில் சாம் மக்களின் செங்கல் கோயில்கள் நிற்கின்றன. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற மன்னன் அங்குச் சிவனுக்குக் கோயில் எழுப்பினான். போர்க்காலத்தில், 1969ஆம் ஆண்டில், குண்டுவீச்சினால் அக்கோயில்களுள் பல சிதைந்தன. 1999இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. அங்குச் சீரமைப்புப் பணியில் ஈடுபட்ட இந்தியத் தொல்லியல் துறையினர் 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிவலிங்கத்தைக் கண்டெடுத்தனர். சாம் மக்கள் இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் அல்லர். கடல்வழி வந்த கருத்துகளைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்ட அந்த மண்ணின் மக்கள்.

சாம் மக்கள் வாழும் பாவ் துருக் சிற்றூரில் பெண்கள் இன்றும் மண்பானை செய்கின்றனர். அவர்களிடம் சுழலும் சக்கரம் இல்லை. பானை அசையாமல் இருக்க, பெண்ணே அதைச் சுற்றிச் சுற்றி நடந்து வடிவம் கொடுக்கிறார். பிறகு, வைக்கோலும் விறகும் அடுக்கித் திறந்த வெளியில் சுடுகிறார்கள். கற்றுக்கொள்ள முன்வரும் இளையர்கள் குறைந்துவருவதால், யுனெஸ்கோ 2022இல் இக்கலையை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பொங்கலின்போது லிட்டில் இந்தியாவில் மண்பானை வாங்கும் நாம், அதைச் செய்த கைகளைப் பற்றி எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

ஹோ சி மின் நகரின் நடுவில் நகரத்தார் கட்டிய மாரியம்மன் கோயில் ஒன்று உள்ளது. கட்டியவர்களின் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்நாட்டைவிட்டு வந்துவிட்டன. ஆயினும், அக்கோயில் இன்றும் திறந்திருக்கிறது. வியட்நாமியர்களே அங்கு மலரும் ஊதுவத்தியும் கொண்டுவந்து வணங்குகிறார்கள். நம் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859இல் எழுப்பியவர்களும் நகரத்தார்களே.

பயணம் தொடங்கும் இடம்

வியட்நாம் செல்லும் வாய்ப்பு எல்லா மாணவர்களுக்கும் கிடைக்காது. ஆனால், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்குச் செல்ல எம்ஆர்டி கட்டணம் போதும். தென்கிழக்காசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த பழந்தொடர்பைக் காட்டும் பொருள்கள் அங்கு உள்ளன.

தொண்டுக்கும் அப்படியே. உங்கள் புளோக்கில் தனியாக வாழும் முதியவர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு உணவுப் பொட்டலம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. “உங்களுக்கு என்ன வேண்டும், தாத்தா?” என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது கடினம். ஒருவேளை, அவருக்குத் தேவைப்படுவது சோறாக இராது. கைத்தொலைபேசியில் மகனுக்கு அழைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஒருவர் தேவைப்படலாம். கேட்டால்தானே தெரியும்!

அருஞ்சொற்பொருள்
தொண்டூழியம் – ஊதியம் பெறாமல் செய்யும் சேவை
ஒப்புரவு – பிறருக்கு உதவி வாழும் பண்பு
மரபுடைமை – முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த செல்வம்

சிந்தித்துக் கலந்துரையாடுக
1. வெளிநாட்டுத் தொண்டூழியத்தைப் பற்றி எழுப்பப்படும் கேள்வி யாது? அதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?
2. வியட்நாமியர் உறவுமுறைச் சொற்களைப் பயன்படுத்தும் விதத்தைத் தமிழரின் வழக்கத்தோடு ஒப்பிடுக.
3. உங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கு உதவ விரும்பினால், அவரிடம் முதலில் என்னென்ன கேட்பீர்கள்?