மெயில் வருது, ஆனா போகமாட்டேங்குதே!
கூட்டமைப்புக் கணினியில் விண்டோஸ் மாற்றிய பிறகு கவனிக்க வேண்டியவை



இந்த மாதப் பாடம் நம் கூட்டமைப்பு அலுவலகத்துக் கணினியைப் பற்றியது. "கணினி சமாச்சாரமா, அதெல்லாம் கணக்காளர் பொண்ணு பார்த்துக்கும், நமக்கு எதுக்குங்க?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் கடன் விண்ணப்பம், தீர்மான நகல், வரவு செலவு அறிக்கை என்று பல பேப்பர்கள் இப்போது அந்தக் கணினி வழியாகத்தான் வெளியே போகின்றன. பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, கையில் கொண்டுபோய்க் கொடுத்த காகிதத்தை இன்று ஒரு நிமிடத்தில் மெயிலில் அனுப்புகிறோம். அது போய்ச் சேராவிட்டால் நஷ்டம் கணினிக்கு இல்லை, நமக்குத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 12 பேர் உள்ள ஒரு குழு கறவை மாடு வாங்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி இன்னும் இரண்டு பேப்பர் கேட்கிறது. கூட்டமைப்பு அலுவலகத்தில் மெயில் எழுதி, பேப்பரை இணைத்து, அனுப்பும் பட்டனையும் அமுக்கியாச்சு. திரையில் இருந்து மெயில் மறைந்துவிட்டது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து வங்கிக்குப் போனால், "எதுவும் வரலையேம்மா" என்கிறார்கள். திரும்பி வந்து கணினியைத் திறந்தால், அந்த மெயில் அவுட்பாக்ஸிலேயே படுத்துக் கிடக்கிறது. மாட்டுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் கதி என்ன?

அனுப்பினோம் என்பது வேறு, போய்ச் சேர்ந்தது என்பது வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு பாடத்துக்குள் போவோம்.

விண்டோஸ் மாற்றினால் மெயிலுக்கு என்ன ஆகிறது?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதனால் பல அலுவலகங்களில் விண்டோஸ் 11-க்கு மாற்றுகிறார்கள். அதற்கு முன்பே, விண்டோஸ் 10-உடன் சேர்ந்து வந்த 'மெயில்' என்ற நிரல் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதன் பிறகு அதில் மெயில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. அதற்குப் பதிலாகப் புதிய அவுட்லுக் வந்திருக்கிறது.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரில் இருக்கும் படம், காலண்டர், சாவிக் கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறோம். அடித்து முடித்ததும் திரும்ப மாட்டும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். சாவி எங்கே என்று மறுநாள் தேடுவோம். விண்டோஸ் மாற்றும்போது மெயில் செட்டிங்ஸ் விட்டுப்போவதும் இப்படித்தான். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதும் இந்தத் தொல்லை இருந்தது. மாற்றிய பிறகு அவுட்லுக்கில் மெயில் வந்தது, ஆனால் வெளியே போகவில்லை என்று உலகம் முழுக்கப் பலர் தவித்தார்கள். ஆகவே, இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. தீர்க்கக்கூடியதுதான்.

வரத்து வாய்க்கால் வேறு, மதகு வேறு

"மெயில் வருதே, அப்புறம் எப்படிப் போகாம இருக்கும்?" என்று கேட்கலாம். நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குத் தண்ணீர் வருவது வரத்து வாய்க்கால் வழியாக. வயலுக்குப் போவது மதகு வழியாக. மதகு அடைத்திருந்தாலும் ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். வயல் மட்டும் காயும்.

மெயிலிலும் அப்படித்தான். உள்ளே வருவதற்கு ஒரு சர்வர், வெளியே போவதற்கு வேறொரு சர்வர். உள்ளே வருவதற்கான முறைக்கு ஐமேப் அல்லது பாப் என்று பெயர். வெளியே அனுப்பும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். இரண்டுக்கும் தனித்தனி முகவரி, தனித்தனி கதவு எண். அந்தக் கதவு எண்ணைத்தான் 'போர்ட்' என்கிறார்கள். ஒன்று சரியாக இருந்து மற்றொன்று தப்பாக இருந்தால், வருவது வரும், போவது போகாது.

எஸ்.எம்.டி.பி. முறை 1982-இல் வகுக்கப்பட்டது. அப்போது யார் அனுப்பினாலும் சர்வர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். பிறகு வேண்டாத விளம்பரமும் மோசடி மெயிலும் பெருகின. அதனால், "நீ யார்? உன் பெயர், பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டுத்தான் வாங்குகிறது. நம் குழுக் கணக்கில் பணம் எடுக்கப் போனால் கையெழுத்தைச் சரிபார்ப்பது மாதிரிதான் இதுவும்.

படிப்படியாகப் பார்ப்போம்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, அனுப்பிப் பார்த்து, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். மாற்றுவதற்கு முன் பழைய எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. அவுட்பாக்ஸைப் பாருங்கள். 'சென்ட்' பகுதியில் மெயில் இருந்தால் நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. 'அவுட்பாக்ஸ்' பகுதியில் இருந்தால் இன்னும் கிளம்பவே இல்லை. எந்தெந்த மெயில் தேங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. அவசரத்தை முதலில் முடியுங்கள். குரோம் அல்லது எட்ஜ் திறந்து, ஜிமெயில் பக்கத்துக்குப் போய் அங்கிருந்தே அந்த மெயிலை அனுப்பிவிடுங்கள். போய்விட்டால் நம் கணக்கில் கோளாறு இல்லை, கணினியில் உள்ள நிரலில்தான் கோளாறு என்று தெரிந்துபோகும். அதை நிதானமாகச் சரிசெய்யலாம். பிறகு அவுட்பாக்ஸில் உள்ள பழைய பிரதியை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இரண்டு முறை போகும்.

3. தேதியையும் நேரத்தையும் பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும். பழைய கணினியில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது.

4. அனுப்பும் சர்வரின் செட்டிங்ஸைப் பாருங்கள். தண்டர்பேர்ட் நிரல் வைத்திருப்பவர்கள் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' போய், இடது பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்பதைத் திறக்க வேண்டும். அவுட்லுக் 2010, 2013 வைத்திருப்பவர்கள் 'ஃபைல்', 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' வழியாக 'மோர் செட்டிங்ஸ்' வரை போக வேண்டும். ஜிமெயிலுக்கு இருக்க வேண்டியது இது:

சர்வர் பெயர்: எஸ்.எம்.டி.பி. புள்ளி ஜிமெயில் புள்ளி காம் (ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், இரண்டே புள்ளிகளோடு)
போர்ட்: 587 என்றால் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.', 465 என்றால் 'எஸ்.எஸ்.எல்.'
யூசர் நேம்: முழு மெயில் முகவரி, பாதி அல்ல

போர்ட் 25 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். அது பழைய வழி. மோசடி மெயிலைத் தடுக்க இணைய இணைப்பு கொடுக்கும் பல நிறுவனங்கள் அந்தக் கதவைப் பூட்டிவிட்டன.

5. அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறதா? பழைய அவுட்லுக்கில் 'அவுட்கோயிங் சர்வர்' என்ற பகுதியில், இந்த சர்வருக்கு அடையாளச் சரிபார்ப்பு தேவை என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாவிட்டால் மெயில் வரும், ஆனால் போகாது. விண்டோஸ் மாற்றும்போது விட்டுப்போகக்கூடிய சாவி இது.

6. பாஸ்வேர்டு சரியா? தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டை மட்டும் கேட்கும் பழைய நிரல்களை கூகுள் 2022 மே 30 முதல் அனுமதிப்பதில்லை. புதிய அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவற்றில் கூகுளின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும். அதில் நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும். பழைய அவுட்லுக் என்றால் கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை வைத்துவிட்டு, 'ஆப் பாஸ்வேர்டு' என்ற 16 எழுத்துச் சாவியை வாங்கி, அதைத்தான் பாஸ்வேர்டு இடத்தில் போட வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் இந்தச் சாவி செல்லாது. புதிதாக வாங்க வேண்டும்.

7. வைரஸ் தடுப்பு நிரலைக் கவனியுங்கள். சில நிரல்கள் வெளியே போகும் மெயிலையும் நிறுத்திச் சோதிக்கும். அந்த 'மெயில் ஸ்கேன்' பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்தி அனுப்பிப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

8. எல்லாம் சரி, இன்னும் போகவில்லையா? விண்டோஸ் மாற்றும்போது உள்கோப்பு ஏதாவது பழுதாகியிருக்கலாம். 2015-இல் பலருக்குக் கைகொடுத்த வழி இது. கீழே உள்ள தேடும் கட்டத்தில் சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். வரும் 'கமாண்ட் பிராம்ப்ட்' மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரையில் எஸ்.எஃப்.சி. என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, ஸ்கேன்நவ் என்று ஒட்டி அடித்து 'என்டர்' தட்டுங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் கணினியை அணைத்துப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "கணக்கை அழிச்சிட்டு மறுபடி போட்டா சரியாயிடும்" என்று சொல்வார்கள். ஐமேப் முறை என்றால் மெயில்கள் கூகுளிடமே இருப்பதால் பயமில்லை. பாப் முறை என்றால் பழைய மெயில்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். அழித்தால் அதோடு போச்சு. எந்த முறை என்று பார்த்து, பென் டிரைவில் பிரதி எடுத்த பிறகே கை வையுங்கள்.

திரும்பி வரும் மெயில் சொல்லும் செய்தி

சில நேரம் பிழை எண்ணோடு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். பயந்துபோய் மூடிவிடாதீர்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 535 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்டு தப்பு. 6-ஆம் படிக்குப் போங்கள். 550 என்றால் பெரும்பாலும் பெறுபவரின் முகவரி தப்பு. எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். 552 என்றால் பெரும்பாலும் மெயில் கனமாக இருக்கிறது. ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்.பி. வரைதான் இணைக்கலாம். செல்போனில் எடுத்த பாஸ்புக் படங்களை அப்படியே பத்துப் பன்னிரண்டு சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். படத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டு மூன்று மெயிலாகப் பிரித்து அனுப்புங்கள்.

சாவி யார் கையில்?

தோழியரே, இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். செட்டிங்ஸ் தப்பினால் ஒரு நாளில் சரிசெய்யலாம். சாவி கைமாறினால் சிரமம்.

கூட்டமைப்பின் மெயில் கணக்கில் மீட்பு எண்ணாக யாருடைய செல்போன் எண் இருக்கிறது? பழைய செயலாளருடையதா? கடைக்காரத் தம்பியுடையதா? விண்டோஸ் மாற்றிய பிறகு கூகுள் புதிதாக உள்நுழையச் சொல்லும். அப்போது சரிபார்ப்பு எண் அந்த போனுக்குத்தான் போகும். அவர் கல்யாணமாகி வெளியூர் போயிருந்தாலோ, எண்ணை மாற்றியிருந்தாலோ, நம் வீட்டு வாசலில் நாமே நிற்க வேண்டியதுதான். பொறுப்பாளர்கள் மாறும்போது வங்கியில் கையெழுத்தை மாற்றுகிறோம் இல்லையா? மெயிலிலும் அதே நாளில் எண்ணை மாற்றுங்கள்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்தால் 'பேக்அப் கோடு' என்று 10 எண்களை கூகுள் கொடுக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அதை அச்செடுத்து உறையில் போட்டு, பணப்பெட்டியோடு வைத்துப் பூட்டுங்கள். தீர்மான நோட்டில் எழுதாதீர்கள், அதை எல்லோரும் பார்ப்பார்கள்.

மெக்கானிக் வந்தால் பாஸ்வேர்டை வாயால் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடியுங்கள். இணையத்தில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்லும் நிரலை இறக்கி, கணினியை அவர்கள் கையில் விடாதீர்கள். தூரத்திலிருந்து நம் திரையை இயக்கும் எனிடெஸ்க் போன்ற நிரல்களை வைத்து மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. அப்படிப் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள், செய்யுங்கள்

1. நம் கூட்டமைப்பு மெயிலின் மீட்பு எண் யாருடையது? இன்றைக்கும் அது வேலை செய்கிறதா?
2. பொறுப்பாளர்களில் இரண்டு பேருக்காவது மெயில் திறந்து அனுப்பத் தெரியுமா? தெரியாவிட்டால் யார் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?
3. சர்வர் பெயர், போர்ட் எண் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி கணினி பக்கத்தில் ஒட்டியிருக்கிறதா? (பாஸ்வேர்டை ஒட்டக் கூடாது!)
4. மெயில் அனுப்பிய மறுநாள் வங்கிக்கோ அலுவலகத்துக்கோ ஒரு போன் போட்டு, "வந்து சேர்ந்ததுங்களா?" என்று கேட்பது யார் பொறுப்பு? அவர் பெயரைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். கூட்டமைப்பு மெயிலிலிருந்து இன்னொரு உறுப்பினரின் மெயிலுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அவர் போனில் அது வந்துவிட்டால் மதகு திறந்திருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால், கடன் விண்ணப்பம் போக வேண்டிய நாளுக்கு முன்னாடியே தெரிந்ததே, நல்லதாப் போச்சு என்று முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.