ஃபிரன்ட்-எண்ட் நேர்காணல்: வேலை வேறு, தேர்வு வேறு

அன்பு மகளுக்கு,

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஃபிரன்ட்-எண்ட் டெவலப்பர் வேலைக்கு நடக்கும் நேர்காணலில், ஒரே பெயரில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று, எல்லா மென்பொருள் பொறியாளர்களுக்கும் பொதுவான அல்காரிதம் தேர்வு. மற்றது, பிரவுசர், ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் மூன்றிலும் விண்ணப்பதாரரின் அறிவு எவ்வளவு ஆழமானது என்று பார்க்கும் தேர்வு. இரண்டில் எதற்கு எவ்வளவு எடை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்திலும் குழுவுக்குக் குழு மாறுவதுண்டு. அமேசானிலும் மெட்டாவிலும் ஃபிரன்ட்-எண்ட் இன்ஜினியர் என்ற தனிப் பதவிப் பெயரே இருந்துவருகிறது. பொதுவான சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்ற பெயரில் ஆள் எடுக்கும் இடத்தில் அல்காரிதத்தின் பங்கு கூடுதலாக இருக்கும்.

தோல்வி கண்டவர்களில் பலர் சொல்லும் அனுபவம் ஒன்றுபோலவே இருக்கிறது. நான்கைந்து ஆண்டுகள் ரியாக்ட்டில் வேலை செய்து, லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் பக்கங்களைக் கட்டியவர், வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதச் சொன்னதும் திணறிப்போகிறார். அவருக்குத் திறமை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அன்றாட வேலையில் நூலகங்கள் மறைத்து வைத்திருக்கும் அடுக்கைத்தான் நேர்காணல் திறந்து பார்க்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது, ரியாக்ட் 2013-இல், வ்யூ 2014-இல். இன்று ஒரு நூலகம் ஆட்சியில் இருக்கும், நாளை வேறொன்று வரும். கூகுள் போன்ற நிறுவனங்கள் உள்ளுக்குள் தங்கள் சொந்தக் கருவிகளையே பெரிதும் பயன்படுத்துகின்றன. ஆகவே எல்லா விண்ணப்பதாரருக்கும் பொதுவான களம் மொழியும் பிரவுசரும் மட்டுமே. 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட், அதன் பழைய வினோதங்களோடு சேர்ந்தே கேள்வித்தாளில் இடம்பெறுவது இதனால்தான்.

நேர்காணலின் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரி அமைகிறது. முதலில் ரெக்ரூட்டரின் அழைப்பு, ஏறத்தாழ அரை மணி நேரம். அடுத்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஒரு தொழில்நுட்பச் சுற்று. அதில் தேறியவருக்கு நான்கோ ஐந்தோ சுற்றுகள் கொண்ட முழு நேர்காணல். 2020-க்கு முன் இது நிறுவன வளாகத்தில் ஒரே நாளில் நடக்கும். கொரோனாவுக்குப் பின் வீடியோ அழைப்புக்கு மாறியது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு விடை எழுதுவோர் பெருகிவிட்டதால், குறைந்தது ஒரு சுற்றையாவது மீண்டும் நேரில் நடத்தப்போவதாக கூகுளின் சுந்தர் பிச்சை 2025-இல் கூறினார். தொடக்கம் முதல் முடிவு வரை சில வாரங்களும் ஆகலாம், இரண்டு மூன்று மாதங்களும் ஆகலாம்.

ரெக்ரூட்டரின் அழைப்பைச் சடங்காகக் கருதுவது பலர் செய்யும் தவறு. எத்தனை சுற்று, ஒவ்வொன்றிலும் என்ன பார்ப்பார்கள், ரியாக்ட் பயன்படுத்தலாமா, எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்க முடியுமா என்றெல்லாம் அவரிடமே கேட்கலாம். விண்ணப்பதாரர் தேறுவதையே ரெக்ரூட்டரும் விரும்புகிறார். கேட்டால் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடுவார். சில இடங்களில் எழுதும் இடம் வெறும் உரைப்பெட்டியாக இருக்கும். பிழையைச் சுட்டும் சிவப்புக் கோடும் இருக்காது, தானாக நிரப்பித் தரும் வசதியும் இருக்காது. இதை முன்பே அறிந்து அப்படியே பழகியவருக்கும் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு.

ஜாவாஸ்கிரிப்ட் சுற்றில் வரும் கேள்விகள் பார்வைக்கு மிகச் சிறியவை. டிபவுன்ஸ் ஃபங்ஷன் எழுதச் சொல்வது அவற்றில் மிகப் பிரபலம். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரை அழைக்காமல், தட்டச்சு சற்று நின்ற பிறகு ஒருமுறை மட்டும் அழைக்கும் ஏற்பாடு அது. பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து வரியில், டைமரின் எண்ணை க்ளோஷரில் வைத்திருக்கத் தெரிகிறதா, முந்தைய டைமரை ரத்து செய்யத் தெரிகிறதா, அழைத்தவர் கொடுத்த ஆர்க்யுமென்ட்டுகளும் ‘திஸ்’ மதிப்பும் தொலையாமல் உள்ளே போய்ச் சேர்கின்றனவா என்று அத்தனையும் தெரிந்துவிடும். சரியாக எழுதியவரிடம் அடுத்த கேள்வி வரும்: முதல் அழைப்பை உடனே ஓடவிட வேண்டுமென்றால்? நடுவில் ரத்து செய்ய வழி வேண்டுமென்றால்? விடையை மனப்பாடம் செய்தவர் நிற்கும் இடம் இதுதான்.

பிராமிஸ் டாட் ஆல் என்பதைச் சொந்தமாக எழுதச் சொல்வது இன்னொன்று. இதில் நான்கு குழிகள் உண்டு. விடைகள் முடிந்த வரிசையில் வராமல், கொடுத்த வரிசையில் வர வேண்டும். வந்ததை வந்தபடி பட்டியலின் கடைசியில் சேர்ப்பவர் இங்கேயே தவறுகிறார். எல்லாம் முடிந்ததா என்று அறிய விடைப் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதும் பிழை. மூன்றாம் இடத்தில் முதலில் ஒரு விடை வந்து உட்கார்ந்தால், மற்ற இரண்டும் வராமலேயே நீளம் 3 என்று காட்டும். தனியே ஒரு எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டும். காலிப் பட்டியல் கொடுத்தால் உடனே நிறைவேற வேண்டும், இல்லையென்றால் பிராமிஸ் என்றென்றும் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டியலில் பிராமிஸ் அல்லாத சாதாரண மதிப்பும் கலந்திருக்கலாம். இந்த நான்கையும் கேட்கப்படும் முன்பே சொல்லும் விண்ணப்பதாரர், வேலையில் எத்தகைய கவனத்தோடு இருப்பார் என்பதை நேர்காண்பவர் அங்கேயே ஊகித்துவிடுகிறார். சில நிமிட நிரலைக் கொண்டு ஒரு மனிதரின் கவனத்தை அளக்கும் இந்த வகைக் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி.

சின்ன நிரலைக் காட்டி ‘எந்த வரிசையில் அச்சாகும்’ என்று கேட்பதும் உண்டு. சாதாரண வரிகள் முதலில் ஓடும், பிறகு பிராமிஸின் தொடர்ச்சி, அதற்கும் பிறகே பூஜ்யம் மில்லிசெகண்ட் கொடுத்த செட்டைமவுட். இந்த வரிசையோடு அதன் காரணத்தையும் சொல்லத் தெரிய வேண்டும். சிஎஸ்எஸ் கேள்விகள் பெரும்பாலும் எளியவை: பாக்ஸ் மாடல், ஸ்பெசிஃபிசிட்டி, ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட். வேலையில் கையால் சிஎஸ்எஸ் எழுதும் பழக்கம் உள்ளவருக்குத் தனித் தயாரிப்பு அதிகம் தேவைப்படாது.

திரையில் இயங்கும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லும் சுற்றுதான் ஃபிரன்ட்-எண்ட் நேர்காணலின் நடுநாயகம். நட்சத்திர மதிப்பீடு, அக்கார்டியன், கோப்பு அடுக்கு, டிக்-டாக்-டோ, தேடும்போதே பரிந்துரை தரும் ஆட்டோகம்ப்ளீட் ஆகியவை திரும்பத் திரும்ப வருபவை. இவற்றில் ஆட்டோகம்ப்ளீட் மிக வளமானது. பெட்டியில் ‘செ’ என்று அடித்ததும் ஒரு கோரிக்கை போகிறது, ‘சென்னை’ என்று முடித்ததும் இன்னொன்று போகிறது. முதல் கோரிக்கையின் விடை தாமதமாக வந்தால், அது புதிய விடையை அழித்துவிட்டுத் திரையில் உட்கார்ந்துகொள்ளும். கோரிக்கைக்கு எண்ணிட்டுப் பழையதை ஒதுக்கலாம், அல்லது அபார்ட்கன்ட்ரோலரால் முந்தைய கோரிக்கையை நிறுத்தலாம். டிபவுன்ஸ் மட்டும் இதைத் தீர்க்காது. டிபவுன்ஸ் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவது பரவலான பிழை.

அதோடு நிற்பதில்லை. விடை வந்துகொண்டிருக்கும்போது திரையில் என்ன தெரியும், ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன, நெட்வொர்க் அறுந்தால் என்ன என்ற நிலைகள் இருக்கின்றன. சர்வரிலிருந்து வந்த சொல்லை இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகத் திரையில் இட்டால் எக்ஸ்எஸ்எஸ் தாக்குதலுக்குக் கதவு திறக்கிறது. மவுஸ் இல்லாமல் அம்புக்குறி, என்டர், எஸ்கேப் விசைகளால் பட்டியலில் நகர முடிய வேண்டும். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதை வாசித்துச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன இரண்டையும் நேரமிருந்தால் செய்யலாம் என்று பலர் தள்ளிவைக்கிறார்கள். அது தவறு என்பதில் ஐயமில்லை. திரையைப் பார்க்க முடியாதவரையும் பயனாளராக எண்ணுபவரே முழுமையான ஃபிரன்ட்-எண்ட் பொறியாளர். நேரம் போதாவிட்டால் வாயால் சொல்லிவிட்டாவது போக வேண்டும்.

இந்தச் சுற்றில் காலத்தைக் கையாளும் முறை முடிவைத் தீர்மானிக்கிறது. அழகுபடுத்துவதில் பாதி நேரத்தைச் செலவிட்டு, இயங்காத ஒன்றைக் கடைசியில் காட்டியவர்கள் ஏராளம். முதல் 15 நிமிடத்துக்குள் எளிய வடிவம் ஒன்று ஓட வேண்டும். அதன்மேல் அடுக்கடுக்காகச் சேர்க்கலாம்.

அல்காரிதம் சுற்றைப் பற்றி மனக்குறை நிறைய உண்டு. ஹோம்ப்ரூ என்ற கருவியை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், அதைத் தங்கள் பொறியாளர்களே பெருவாரியாகப் பயன்படுத்தும் கூகுளில் பைனரி மரம் ஒன்றைத் தலைகீழாக்கும் கேள்வியால் நிராகரிக்கப்பட்டதாக 2015-இல் எழுதினார். அது அன்று பெரும் விவாதமானது. அந்த மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சுற்று இருக்கும்வரை தயாராகத்தான் வேண்டும். ஃபிரன்ட்-எண்ட் விண்ணப்பதாரர் மரங்களில் தொடங்குவது நல்லது, ஏனெனில் பக்கத்தின் உறுப்புகளைப் பிரவுசர் அடுக்கி வைத்திருக்கும் டாம் என்பதே ஒரு மரம். மரத்தில் ஆழமாகவும் அகலமாகவும் நடக்கத் தெரிந்தவருக்கு, கிளாஸ் பெயர் கொண்டு உறுப்புகளைத் தேடும் ஃபங்ஷன் எழுதச் சொன்னால் பாதி வேலை முடிந்தாயிற்று. ஹாஷ் மேப், ஸ்டாக், சார்ட்டிங், பைனரி சர்ச் ஆகியவை அடுத்து. டைனமிக் புரோகிராமிங்கில் மாதக்கணக்கில் மூழ்குவது இந்தப் பதவிக்குப் பெரும்பாலும் வீண் உழைப்பு.

அனுபவமுள்ளவர்களுக்கு சிஸ்டம் டிசைன் சுற்று உண்டு. சர்வர், டேட்டாபேஸ் என்று பேசத் தொடங்கி வழிதவறுகிறவர்கள் அதிகம். ஃபிரன்ட்-எண்ட்டில் கேட்கப்படுவது வேறு. ஒரு நியூஸ் ஃபீடை எடுத்துக்கொண்டால், அடுத்த பக்கத்தை எண்ணிக்கை கொண்டு கேட்பதா, கடைசியாகப் பார்த்த பதிவின் அடையாளம் கொண்டு கேட்பதா என்பது முதல் முடிவு. எண்ணிக்கை கொண்டு கேட்டால், இடையில் மேலே புதிய பதிவு சேரும்போது பார்த்ததே மீண்டும் வரும். ஆயிரம் பதிவுகளையும் டாமில் வைத்தால் போன் திணறும், ஆகவே திரையில் தெரிபவற்றை மட்டும் வைத்திருக்க வேண்டும். வேகத்துக்கு கூகுள் வகுத்த அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும்: முக்கிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிவது, தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் திரை பதில் சொல்வது, பக்கத்தின் உறுப்புகள் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டாதது. இரண்டாவது அளவு 2024 மார்ச்சில் பழைய அளவொன்றுக்குப் பதிலாக வந்தது.

பழகும் விதத்தையும் செய்த வேலையையும் பற்றிய சுற்றைத் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். அமேசானில் 16 தலைமைக் கொள்கைகளை ஒட்டி எல்லாச் சுற்றிலும் கேள்வி வரும். குழுவுக்கு வெளியிலிருந்து வரும் ‘பார் ரெய்சர்’ ஒருவரும் நேர்காணலில் உட்காருவார். தன்னைத் தானே புகழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் ‘நாங்கள் செய்தோம்’ என்றே கடைசிவரை பேசுகிறார். கேட்பவருக்கு அவர் பங்கு என்ன என்பது தெரியாமலே போகிறது. சூழல், தன் பொறுப்பு, தான் செய்தது, விளைவு என்ற வரிசையில் சொந்த வேலையிலிருந்து ஐந்தாறு நிகழ்ச்சிகளை எழுதி வைத்துக்கொள்வது போதும். குழுவின் பங்கை மறைக்காமலே தன் பங்கைச் சொல்ல முடியும்.

எல்லாவற்றுக்கும் மேல் நிற்பது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க வேண்டியிருக்கும் நெருக்கடி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள் பங்கேற்றனர். ஒரே வகைக் கேள்வியைச் சிலர் தனியறையில் தீர்த்தனர், சிலர் நேர்காண்பவர் முன் வெண்பலகையில் வாய்விட்டு யோசித்தபடி தீர்த்தனர். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே இறங்கியது. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவரும் தேறவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் இதைப் பொது விதியாக்க முடியாது. ஆனால் அறையில் உறைந்துபோனவர் தன் அறிவையே சந்தேகிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

தயாரிப்பும் அதற்கேற்ப அமைய வேண்டும். தனியாக நூறு கேள்வி தீர்ப்பதைவிட, நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து இருபது கேள்வி தீர்ப்பது பயன் தரும். ஆங்கிலத்தில் சரளம் குறைந்தவர் அமைதியாக எழுதிக்கொண்டே போவதால் மதிப்பெண் இழக்கிறார். இலக்கணம் பிசகினாலும், இப்போது என்ன செய்யப்போகிறேன், ஏன் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும். நேர்காண்பவர் தரும் குறிப்பை மறுக்காமல் எடுத்துக்கொள்வதும் மதிப்பெண்ணில் சேரும்.

முடிவை ஒருவர் மட்டும் எடுப்பதில்லை. கூகுளில் நேர்காண்பவர்கள் எழுதிய குறிப்புகளைக் குழு ஒன்று படித்துத் தீர்மானிக்கிறது. தேறிய பிறகும் ஏற்க ஒரு குழு கிடைக்கும்வரை காத்திருக்க நேரலாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்த காலத்தில், எல்லாச் சுற்றிலும் தேறியும் இடமில்லாமல் போனவர்கள் உண்டு. எதிர்பார்த்ததைவிட ஒரு படி கீழான நிலையில் ஆஃபர் வருவதும் நடக்கிறது. நிராகரிப்புக்குக் காரணம் சொல்லும் வழக்கம் பெரும்பாலான நிறுவனங்களில் இல்லை. எனவே வீட்டுக்கு வந்த அன்றே கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறைக்கான பாடத்திட்டம் அதுதான்.

நிராகரிக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பிக்கப் பொதுவாக ஆறு மாதமோ ஓராண்டோ பொறுக்கச் சொல்வார்கள். அந்தக் காலம் முடிந்ததும் அதே நிறுவனத்துக்கு எழுதத் தயங்காதே, மகளே.

அன்புடன்,
பெரியப்பா