பக்கத்துக் கணினி யாருடையது?

சூரிச்சில் வளரும் எங்கள் பிள்ளைகளே, உங்களில் சிலர் ஊரில் இருப்பவர்களோடு யாரும் ஒட்டுக்கேட்காமல் தகவல் பகிர ஹைஃபாநெட் போட்டுப் பார்க்கிறீர்கள். 2023 வரை ஃப்ரீநெட் என்று அழைக்கப்பட்ட அதே வலைதான். நல்ல முயற்சி. இவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

1. யாரோடும் இணைவதா, தெரிந்தவர்களோடு மட்டும் இணைவதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். முன்னையது ஓபன்நெட், பின்னையது டார்க்நெட். 2008 இல் வந்த 0.7 பதிப்பிலிருந்து இரண்டும் உண்டு. எதை எடுத்தாலும், உங்களோடு நேரே இணையும் கணினிக்கு உங்கள் ஐபி முகவரி தெரிந்தே தீரும்.

2. ஓபன்நெட்டில் அந்தக் கணினி யாருடையது என்று கேட்க வழியில்லை. சூக் மாநிலத்து லொஜிஸ்டெப் நிறுவனம் கோப்புப் பகிரும் வலைகளில் சாதாரணப் பாவனையாளர் போல நுழைந்து ஐபி முகவரிகளைத் திரட்டி, பதிப்புரிமைக்காரர்களுக்குக் கொடுத்தது. அவை முகம் மறைக்கும் வலைகள் அல்ல என்பது உண்மை. ஆனால் வாசல் இப்படித்தான் திறந்து கிடந்தது. அப்படித் திரட்டியது சட்டவிரோதம் என்று சுவிஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது 2010 செப்டம்பர் 8 அன்று. அதற்குள் எத்தனையோ பேரின் முகவரிகள் கைமாறிவிட்டன. சட்டத்தை நம்பி வாசலைத் திறக்காதீர்கள்.

3. டார்க்நெட் என்றால் இருவரும் தங்கள் நோட்டின், அதாவது வலையில் இணையும் தங்கள் கணினியின், விபரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் சேர்த்தால் இணைப்பு வராது. அந்தச் சில வரிகளைத் திறந்து பாருங்கள். ஒன்றில் உங்கள் ஐபி முகவரியும் போர்ட் இலக்கமும் அப்படியே கிடக்கும். நண்பர் போதாது என்று அதை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் பழக்கத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். எங்கள் ஆட்கள் சீட்டுப் பிடிக்கும்போது, ஆள் குறைகிறது என்று ரயிலில் கண்டவரைச் சேர்ப்பதில்லையே. அந்நியரை நண்பர் பட்டியலில் போட்டால், ஓபன்நெட்டின் ஆபத்து அப்படியே இருக்கும், கவனம் மட்டும் போய்விடும்.

4. உங்கள் ஐந்து நண்பர்களும் தங்களுக்குள் மட்டுமே பழகுபவர்கள் என்றால், நீங்கள் தனித்தீவு. வெளியே தொடர்புள்ள ஓரிருவர் வேண்டும்.

5. டார்க்நெட் என்ற நம்பிக்கை வலையும் உடையாத கோட்டையல்ல. வழி கண்டுபிடிக்க நோட்கள் தங்கள் இட எண்ணை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளும். பொய் எண் கொடுத்து அந்த ஒழுங்கையே குலைக்கலாம் என்று ஆய்வாளர் கிறிஸ்டியன் குரோத்தொஃப் உள்ளிட்டோர் 2007 இல் காட்டினார்கள்.

6. கணினியை முடிந்தவரை அணைக்காமல் விடுங்கள். அடிக்கடி காணாமல் போகும் நோட்டால் நண்பர்களுக்குப் பயன் குறைவு.

7. ஊரில் இருப்பவரைச் சேர்க்கும் முன் அவரிடம் கேளுங்கள். ஒருவரின் கணினி பறிபோனால், அவரோடு இணைந்தவர்களின் பட்டியலும் அதில் இருக்கும். இங்கே உங்களுக்கு வரும் சிக்கலும் அங்கே அவருக்கு வரும் சிக்கலும் ஒன்றல்ல. நோட்டுக்குச் சொந்தப் பெயர் வைக்காதீர்கள். வட்டுக்குக் கடவுச்சொல் போடுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.