வெளியூர் சைக்கிள் போட்டிக்குப் போகிறீர்களா?

செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளையொட்டி நடக்கும் மிதிவண்டிப் போட்டிக்காகச் சேத்துப்பட்டிலிருந்து திருவண்ணாமலை கிளம்பும் மாணவர்களுக்கு:

1. கியர் சைக்கிளை வீட்டிலேயே விடுங்கள். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளுக்குத்தான் அனுமதி.

2. தலைமையாசிரியரிடம் வயதுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்றே பிரிவுகள்.

3. மினி வேனில் படுக்க வைத்தால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். அடியில் சிக்கினால் செயின் கவர் நசுங்கும். அடியில் வரும் இடது பெடலைக் கழற்றுவதானால் கடிகாரத் திசையில் திருகுங்கள். அதன் மரை தலைகீழ். தெரியாமல் மல்லுக்கட்டினால் மரை போய்விடும்.

4. இறங்கியதும் காற்றைப் பாருங்கள், பிரேக் கட்டையில் ஒட்டிய சேற்றைத் துடையுங்கள். காய்ந்த சேறு ரிம்மை உரசும்.

5. காலையில் இட்லி போதும். நெய்ப் பொங்கல் வயிற்றைக் கனக்க வைக்கும். அதைப் பந்தயம் முடிந்ததும் ஒரு கை பாருங்கள்!