கைகலப்புக்குள் அம்பு விடுவது எப்படி? டேபிள்டாப் ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ரோல்பிளேயிங் ஆட்டத்தில் சண்டை சூடுபிடித்ததும் வில்லாளிக்கு வரும் முதல் சந்தேகம் இது: "நம்மாள் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறான், நான் எய்யலாமா?" டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பில் (2000) அப்படி எய்தால், வரும் எண்ணில் 4 கழிப்பார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தக் கழிவு இல்லை. அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று அந்த 2014 விதிகளை வைத்தே பார்ப்போம்.

படி 1: எய்பவரின் பக்கத்தில் யார்?

இலக்கை விடுங்கள், முதலில் எய்பவரைப் பாருங்கள். அவரிடமிருந்து 5 அடிக்குள், அதாவது ஒட்டிய கட்டத்தில், அவரைப் பார்க்கக்கூடிய எதிரி செயலிழக்காமல் நின்றால் டிஸ்அட்வான்டேஜ். 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கு அறுபது அடி தள்ளி நின்றாலும் இதே கதிதான். ஃபயர் போல்ட் போல எறிந்து தாக்கும் மந்திரத்துக்கும் இது உண்டு.

நண்பன் எதிரியோடு ஒட்டி நிற்கிறான் என்பதற்காக மட்டும் டிஸ்அட்வான்டேஜ் வராது. புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான்.

எதிரி உங்களையே ஒட்டிவிட்டால்? நடந்து விலகினால் அவனுக்கு ஒரு ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக், அதாவது உடனே உங்களை அடிக்க ஒரு வாய்ப்பு, கிடைக்கும். டிஸ்என்கேஜ் செய்து, அதாவது தற்காத்தபடி பின்வாங்கினால், அடி விழாது, ஆனால் அந்தச் சுற்றின் ஆக்‌ஷன் அதிலேயே போய்விடும். வில்லைக் கீழே போட்டு வாளை உருவுவதே பெரும்பாலும் நல்லது.

படி 2: குறுக்கே யார்?

எய்பவரின் கட்டத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து இலக்கின் கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் வேறொருவர் நிற்கும் கட்டத்தில் தடைபட்டால் இலக்குக்கு ஹாஃப் கவர், அதாவது பாதி மறைப்பு. அதன் ஆர்மர் கிளாஸில், அதாவது அம்பு பட எட்ட வேண்டிய எண்ணில், 2 கூடும். குறுக்கே நிற்பது நண்பனா எதிரியா என்பது கணக்கில்லை.

ஆகவே எய்யும் முன் நகருங்கள். பக்கவாட்டில் இரண்டு கட்டம் தள்ளினாலே பல நேரம் நூல் தெளிந்துவிடும், அந்த 2-ம் போய்விடும்.

படி 3: உருட்டுங்கள்

முதல் நிலை ரேஞ்சருக்கு வில்லில் பகடை எண்ணோடு கூட்ட +5 என்று வைப்போம். கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15. குறுக்கே நண்பன் நின்றால் அது 17. மறைப்பில்லாதபோது பகடையில் 10 விழுந்தாலே பட்டிருக்கும். இப்போது 12 வேண்டும்.

படி 4: தவறிய அம்பு எங்கே போனது?

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கான கையேட்டில் இதற்கு விருப்ப விதி ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், எல்லா மேசையிலும் இருக்க வேண்டிய விதி அது. மறைப்பு இல்லாதிருந்தால் பட்டிருக்கும், மறைப்பால்தான் தவறியது என்றால் அம்பு மறைப்பின் மேல் பட்டது என்று பொருள். மறைப்பாக நிற்பவரின் ஆர்மர் கிளாஸைவிட மொத்த எண் அதிகமானால் அடி அவருக்கு.

நம் கணக்கில் பகடை 10 அல்லது 11 விழுந்தால் மொத்தம் 15 அல்லது 16. குறுக்கே நிற்பவர் சங்கிலிக் கவசமும் கேடயமும் அணிந்த ஃபைட்டர் என்றால் அவருடைய எண் 18. அம்பு கேடயத்தில் பட்டுத் தெறிக்கும், அவருக்கு ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் ஆர்மர் கிளாஸ் 12 உள்ள விசர்ட் நின்றால் அம்பு அவர் முதுகில். இருபதில் இரண்டு முகம், அதாவது பத்து சதவீத ஆபத்து. சாவேஜ் வேர்ல்ட்ஸ் ஆட்டத்தில் தவறிய வீச்சின் பகடையில் 1 விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் மாட்டுவார். அங்கே அது அதிர்ஷ்டம். இங்கே யார் குறுக்கே நிற்பது என்பதை வீரர்களே பேசி முடிவு செய்யலாம், அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது.

இந்த விதி உண்டா இல்லையா என்பதை முதல் அம்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விசர்டின் முதுகில் தைத்த பிறகு சொன்னால் சண்டை மேசைக்கு வந்துவிடும்.

படி 5: பயிற்சி

ஃபீட் எனும் சிறப்புத் திறன்களை அனுமதிக்கும் ஆட்டமென்றால் நான்காம் நிலையில் ஒன்றை எடுக்கலாம். கிராஸ்போ எக்ஸ்பர்ட் எடுத்தவருக்குப் படி 1-இன் டிஸ்அட்வான்டேஜ் இல்லை. ஷார்ப்ஷூட்டர் எடுத்தவர் ஹாஃப் கவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மறைப்பே இல்லாததால் அவர் அம்பு நண்பன் மேல் படவும் வழியில்லை. படி 4-ஐப் பின்பற்றும் குழுவில் வில்லாளி முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.